பன்றியை விட்டுப் போனவர்களும் பெட்டியை வைத்துப் போனவர்களும்

ஆக்லாந்து என்றதும் நியூசிலாந்தின் பெருநகரம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆக்லாந்து தீவுகள் அங்கிருந்து வெகு தொலைவு. நாட்டின் தென்கோடித் துறைமுகமான பிளஃப்பிலிருந்து இன்னும் 465 கிலோமீட்டர் தெற்கே போக வேண்டும். இந்தப் பெயர்க் குழப்பத்தில் நமக்கும் ஒரு சின்ன ஒட்டுறவு உண்டு. நகரத்துக்குப் பெயர் தந்தவர் ஜார்ஜ் ஈடன், 1836 முதல் 1842 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த ஆக்லாந்து பிரபு. கொல்கத்தாவின் ஈடன் கார்டனும் அந்தக் குடும்பத்துப் பெயர்தான். தீவுகளுக்குப் பெயர் வந்ததோ அவருடைய அப்பா வில்லியம் ஈடனிடமிருந்து.

1806 ஆகஸ்ட் 18 அன்று 'ஓஷன்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலின் கேப்டன் ஏப்ரகாம் பிரிஸ்டோ இத்தீவுகளைப் பார்த்து வரைபடத்தில் ஏற்றினார். மறு ஆண்டு 'சாரா' என்ற கப்பலில் திரும்பி வந்து பன்றிகளை இறக்கிவிட்டுப் போனார். பின்னால் யாராவது கரையொதுங்கினால் பிடித்துத் தின்னட்டும் என்பது அக்கால மாலுமிகளின் கணக்கு. இருநூறு ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கணக்கை நியூசிலாந்தால் நேர்செய்ய முடியவில்லை.

பிரிஸ்டோ முதல் ஆள் இல்லை. வடக்கே இருக்கும் எண்டர்பி தீவின் மணல் விரிகுடாவில் சுமார் 700 ஆண்டுகளுக்கு முந்தைய பாலினேசியர்களின் மண் அடுப்புகளைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வெப்பமண்டலக் கடலிலிருந்து படிப்படியாகத் தெற்கே வந்த ஒரு மக்கள் கூட்டம் ஐம்பதாவது அட்சக்கோட்டைத் தாண்டி அடுப்பு மூட்டியிருக்கிறது. வந்தவர்கள் நிலைக்கவில்லை.

மொத்தப் பரப்பு சுமார் 625 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல ஒன்றரை மடங்கு. பெரும்பகுதி ஆக்லாந்து தீவு என்றே அழைக்கப்படும் முதன்மைத் தீவு. அதன் தெற்கில் ஒரு குறுகிய நீர்ப்பாதைக்கு அப்பால் ஆடம்ஸ் தீவு. வடகிழக்கு மூலையில் எண்டர்பி, ரோஸ், யூயிங், டண்டாஸ் ஆகிய சிறு தீவுகள். மேற்கே தனியாக, சுமார் எட்டு கிலோமீட்டர் தள்ளி, டிஸப்பாயின்ட்மென்ட். 'ஏமாற்றம்' என்று பொருள், பெயரில் மிகை ஒன்றும் இல்லை.

எல்லாம் இரண்டு பழைய எரிமலைகளின் மிச்சம். தெற்கு எரிமலையின் வாய்க்குள் கடல் புகுந்ததுதான் கார்ன்லி துறை. கிழக்குப் பக்கம் பனியாறுகள் செதுக்கிய நீளமான நீர்ப்பள்ளங்கள், கப்பல் நிற்க வாகானவை. மேற்குப் பக்கம் வேறு உலகம். பூமியைச் சுற்றித் தடையின்றி உருண்டு வரும் தென்கடல் அலை வந்து முட்டும் முதல் சுவர் அது. சில இடங்களில் நானூறு மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை. ஏறிப் போக மணற்கரை கிடையாது. ஆண்டில் 300 நாள் மழை விழும். சராசரி வெப்பம் எட்டு டிகிரி. ஊட்டியின் மார்கழிக் குளிர் என்று சொல்லிவிடலாம், ஆனால் ஊட்டியில் வெயில் வரும். இங்கே ஆளைக் கொல்வது பனியைவிட ஈரமும் காற்றும்தான். நனைந்த உடுப்பு காயாது, காயாத உடுப்போடு காற்றில் நின்றால் உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே போகும்.

நடப்பதும் எளிதில்லை. கரையோரம் ராட்டா மரக்காடு. நாவலும் கொய்யாவும் சேர்ந்த அதே குடும்பத்து மரம், கோடையில் சிவப்பாகப் பூக்கும். காற்று வளைத்து முறுக்கிய கிளைகளுக்கு அடியில் ஓரளவு நடக்கலாம். அதைத் தாண்டினால் இடுப்பு முதல் தலை உயரம் வரை பின்னிக் கிடக்கும் புதர். அதில் வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும், அல்லது பன்றியும் கடற்சிங்கமும் போட்ட பாதையில் தவழ வேண்டும். அதற்கு மேலே ஆளுயரப் புல்திட்டுகள், திட்டுகளுக்கு நடுவே மக்காத செடிகொடி ஊறிக் கிடக்கும் கரிய பீட் சேறு. கால் வைத்த இடம் முழங்கால்வரை உள்வாங்கும். வரைபடத்தில் மூன்று கிலோமீட்டர் என்று தெரிவது ஒரு நாள் வேலையாகிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளாமல் இங்கு நடந்த கப்பல் விபத்துகளைப் படித்தால், 'ஏன் அந்தப் பக்கம் நடந்துபோய்த் தேடவில்லை' என்று சும்மா கேட்கத் தோன்றும்.

விபத்துகளுக்கு முன்னால் ஒரு குடியேற்றம். சாமுவேல் எண்டர்பி குடும்பம் லண்டனின் பெரிய திமிங்கில வேட்டை நிறுவனம். பிரிஸ்டோ அவர்களுடைய கேப்டன்தான். அந்தக் குடும்பத்து சார்லஸ் எண்டர்பி 1849 டிசம்பரில் முதன்மைத் தீவின் வடகோடியில் உள்ள ராஸ் துறையில் ஹார்ட்விக் என்ற ஊரை நிறுவினார். முன்கூட்டியே செய்த வீடுகளைக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். இறங்கிப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள். 1842 வாக்கில் சாத்தம் தீவுகளிலிருந்து, அத்தீவுகளின் பூர்வகுடிகளான மொரியோரி மக்களை அடிமைகளாகக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறியவர்கள். லண்டனில் யாருக்கும் அது தெரியாது.

ஹார்ட்விக் 1852 ஆகஸ்டில் கலைந்தது. பீட் மண்ணின் புளிப்பில் காய்கறி விளையவில்லை, மந்தை பெருகவில்லை, குடிப்பழக்கம் பெருகியது. ஆனால் ஊரை மூடியது இதெல்லாம் இல்லை, திமிங்கிலம் கிடைக்காததுதான். தென்கடல் ரைட் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் குட்டி போட ராஸ் துறைக்கு வரும். மெதுவாக நீந்தும், செத்தாலும் மிதக்கும், எண்ணெய் அதிகம். அதனால் எண்டர்பி வருவதற்குள் மற்ற வேட்டைக்காரர்கள் வழித்துவிட்டிருந்தார்கள். முதலைக் கொட்டியபின் சரக்கு இல்லை என்று தெரிந்துகொண்ட வியாபாரம். மாவோரி, மொரியோரி மக்களும் 1856க்குள் போய்விட்டார்கள். மிஞ்சியது ஒரு சின்ன இடுகாடு.

மக்கள் போனபின்தான் கப்பல்கள் வந்து மோதத் தொடங்கின. காரணம் எளிது. ஆஸ்திரேலியாவில் கோதுமை, கம்பளி, தங்கம் ஏற்றிக்கொண்டு லண்டன் போகிற பாய்மரக் கப்பல், தெற்கே இறங்கி மேற்குக் காற்றைப் பிடித்துக் கேப் ஹார்ன் முனையைச் சுற்றினால் நாட்கள் மிச்சம். அந்தப் பாதையில் நட்ட நடுவே இத்தீவுகள். கலங்கரை விளக்கம் கிடையாது. இடம் அறியச் சூரியனை அளக்க வேண்டும்; வாரக்கணக்கில் சூரியன் தெரியாது. மேற்குக் காற்றில் வருகிற கப்பலுக்கு முன்னால் திடீரென்று சுவர் எழும்பும்போது, திரும்ப இடமும் இருக்காது, நங்கூரம் பிடிக்க ஆழமும் சரியாக அமையாது.

1864ஆம் ஆண்டு இத்தீவு ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்காரர்களை வைத்துக்கொண்டது. ஒருவருக்கொருவர் இருப்பது தெரியாது.

முதலாவது 'கிராஃப்டன்', ஐந்து பேர் இருந்த சிறு பாய்மரக் கப்பல். கேப்டன் தாமஸ் மஸ்கிரேவ். உடன் ஃபிரான்சுவா ரேனால் என்ற பிரெஞ்சுக்காரர், ஒரு நார்வேக்காரர், ஓர் ஆங்கிலேயர், ஒரு போர்த்துகீசியர். கேம்ப்பெல் தீவில் உலோகத் தாது தேடிப் போய் ஏமாந்து, கடற்சிங்கத் தோலாவது கிடைக்குமா என்று இங்கே வந்தார்கள். ஜனவரி 3 அன்று கார்ன்லி துறைக்குள் புயலில் நங்கூரச் சங்கிலி அறுந்து கரையில் ஏறியது. ஐவரும் பிழைத்தார்கள். ரேனால் அப்போது எழ முடியாத நோயாளி. பின்னால் எல்லோருக்கும் கையாக இருந்தவர் அவர்தான்.

அவர்கள் செய்ததை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். முதலில் கூரை. உடைந்த கப்பலின் பாய்மரக் கட்டைகளைத் தூணாக்கி 24 அடிக்கு 16 அடியில் குடிசை எழுப்பினார்கள். சுவர்களுக்குப் புல்லைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கீற்று வேய்வது போல அடுக்கினார்கள். புகைபோக்கிக்குக் கல் கிடைத்தது, காரை இல்லை. கிளிஞ்சலைப் பொறுக்கிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். நம் கொத்தனார்களின் தாத்தாக்களுக்குப் பழகிய வேலை. கப்பலின் அடியில் அடித்திருந்த செப்புத் தகட்டைப் பிரித்துப் புகைபோக்கிக்கு உள்ளுறை போட்டார்கள். உள்ளே எப்போதும் நெருப்பு. காய்ந்த உடுப்போடு தூங்க ஓர் இடம் கிடைத்ததே பாதி உயிர்.

உணவு பெரும்பாலும் கடற்சிங்கம். தடியால் மூக்கில் அடித்துக் கொல்வது. சிக்கல் என்னவென்றால், குளிர்காலத்தில் அவை கூட்டமாகக் கரையில் கிடக்காமல் சிதறிவிடும். அந்த மாதங்களில் சிப்பியும் மீனும் பறவையும்தான், பட்டினியும் உண்டு. இறைச்சியை மட்டும் தின்றால் ஸ்கர்வி வரும். ஈறு வீங்கும், பழைய காயம் திறக்கும், கால் நகராது. ஆகவே ஸ்டில்போகார்ப்பா என்ற பெரிய இலைச் செடியின் தண்டுக்கிழங்கைத் தோண்டினார்கள். இனிப்பு கலந்த மரச்சக்கை மாதிரி இருக்கும். துருவி எண்ணெயில் வதக்கித் தின்றார்கள், காய்ச்சிப் புளிக்கவைத்து ஒரு பானமும் வடித்தார்கள். மரச்சாம்பலும் கடற்பாசிச் சாம்பலும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஊறவைத்து வடித்த காரநீரைக் கடற்சிங்க எண்ணெயோடு காய்ச்சிச் சோப்பு செய்தார்கள். ராட்டா பட்டையை வேகவைத்த சாறில் தோலைப் பதனிட்டுச் செருப்பு தைத்தார்கள்.

தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள், தவறினால் நீக்கலாம் என்ற நிபந்தனையோடு. சமையல் வாரமுறை. மாலையில் ஒருவருக்கொருவர் மொழியும் கணக்கும் கற்றுக்கொடுத்தார்கள். சீட்டுக்கட்டு ஒன்று செய்தார் ரேனால். தோற்றால் மஸ்கிரேவுக்குக் கோபம் வருகிறது என்று கண்டதும் அவரே அதை நெருப்பில் போட்டார். இந்தக் கடைசி வேலை கொல்லன் வேலையைவிட நுட்பமானது என்பேன்.

கொல்லன் வேலையும் நடந்தது. சிட்னியில் இருந்த பங்காளிகள் தேடி ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள், யாரும் வரவில்லை. ஓர் ஆண்டு போனதும் படகு கட்ட முடிவு. பலகை, செப்புத் தகடு, கடற்சிங்கத் தோல் மூன்றையும் வைத்து ரேனால் துருத்தி செய்தார். ராட்டா மரத்தைச் சுட்டுக் கரி எடுத்தார். கப்பலிலிருந்து கழற்றிய இரும்புக் கட்டியே பட்டறைக்கல். இடுக்கி, சுத்தியல், உளி, ஆணி எல்லாம் அடித்தார். துறப்பணம் மட்டும் வரவில்லை. நுனியில் திருகு வெட்டிய துளைக்கருவியை அடித்து வளைப்பதற்குள் இரும்பு உடைந்துகொண்டே இருந்தது. புதுப் படகு என்றால் கனத்த சட்டங்களை ஊடுருவி நீளமான துளைகள் போட வேண்டும். துறப்பணம் இல்லாமல் அது ஆகாது. ஒரே ஒரு கருவி கைகூடாததால் பெரிய திட்டத்தைக் கைவிட்டு, இருந்த சின்னத் தோணியின் நீளத்தையும் சுவர் உயரத்தையும் கூட்டினார்கள். அதில் ஐந்து பேர் போக முடியாது. 1865 ஜூலை 19 அன்று மூன்று பேர் கிளம்பினார்கள். ஐந்து நாள் தண்ணீரை இறைத்துக்கொண்டே, சாப்பாடு கெட்டுப்போய், ஜூலை 24 அன்று நியூசிலாந்தின் தென்முனையை ஒட்டிய ஸ்டூவர்ட் தீவின் அட்வெஞ்சர் துறையில் ஏறினார்கள். பிளஃப்புக்கு அருகே உள்ள இன்வர்கார்கில் நகர மக்கள் சந்தா போட்டு 'ஃபிளையிங் ஸ்கட்' என்ற படகை ஏற்பாடு செய்ய, மஸ்கிரேவ் அதில் திரும்பிப் போய் மிச்சமிருந்த இருவரையும் ஆகஸ்டில் கூட்டி வந்தார். ஐவரும் உயிரோடு, இருபது மாதத்துக்குப் பின்.

இரண்டாவது 'இன்வர்கால்ட்'. 1864 மே மாதம், அதே தீவின் வடமேற்குப் பாறைகளில் மோதி நிமிடக் கணக்கில் நொறுங்கியது. 25 பேரில் 19 பேர் கரையேறினார்கள். ஓராண்டுக்குப் பின் ஓட்டை சரிபார்க்க ஒதுங்கிய 'ஜூலியன்' என்ற கப்பல் தற்செயலாக எடுத்துச் சென்றபோது மூன்று பேர்தான் மிச்சம்: கேப்டன் ஜார்ஜ் டால்கார்னோ, துணை அதிகாரி ஆண்ட்ரூ ஸ்மித், ராபர்ட் ஹோல்டிங் என்ற மாலுமி.

இந்த இரண்டையும் ஒப்பிட்டுத் 'தலைமைப் பண்பு' பாடம் நடத்துவது இப்போது ஒரு வழக்கம். பாதிதான் உண்மை. இன்வர்கால்டில் கேப்டன் செயலற்றுப்போனதும், கூட்டம் சிதறியதும், ஹோல்டிங் மட்டும் ஓயாமல் தேடி அலைந்ததும் சரிதான். ஆனால் கிராஃப்டன் அமைதியான துறைக்குள், முழு உடலோடு, கரையில் கிடந்தது. இரும்பு, செம்பு, பாய்த்துணி, கருவி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இன்வர்கால்ட்காரர்களுக்கு மிஞ்சியது கொஞ்சம் பிஸ்கட்டும் உப்புக்கறியும். இறங்கிய இடம் செங்குத்துப் பாறையின் அடி. ஏறி வரவே நாட்கள் ஆயின, அதற்குள் குளிர்காலம் வந்துவிட்டது. கிராஃப்டன்காரர்கள் மோதியது நடுக்கோடையில். நான்கு மாத வித்தியாசம் இங்கே மிகப் பெரியது.

1866 மே மாதம் நடந்ததைப் பலரும் தங்கத்துக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். மெல்போர்னிலிருந்து லண்டன் போன 'ஜெனரல் கிரான்ட்', 83 பேர், ஆவணப்படி 2,576 அவுன்ஸ் தங்கம், அதாவது 80 கிலோ. புயல் இல்லை. காற்றே இல்லை. பாய் தொங்கிப்போன கப்பலை அலையின் ஏற்ற இறக்கமே மேற்குச் சுவருக்குத் தள்ளி, ஒரு கடற்குகைக்குள் நுழைத்தது. பாய்மரங்கள் குகையின் கூரையில் இடித்துப் பாறையைப் பெயர்த்துத் தலையில் போட்டன. நீர்மட்டம் ஏற ஏறப் பாய்மரமே கப்பலின் அடியைக் குத்தித் திறந்தது. 68 பேர் செத்தார்கள், ஒரு பெண் உட்படப் பதினைந்து பேர் தப்பினார்கள். கைவசம் இருந்த சில தீக்குச்சிகளில் மூட்டிய நெருப்பை அணையாமல் காத்தார்கள். பன்றியும் ஆடும் பிடித்துத் தின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். விட்டுப்போன விலங்குகள் யாருக்கும் உதவவில்லை என்று சொன்னால் பொய். 1867 ஜனவரியில் நான்கு பேர் திசைகாட்டி இல்லாமல் படகில் நியூசிலாந்து தேடிக் கிளம்பி மறைந்தார்கள். ஒருவர் தீவிலேயே இறந்தார். பத்துப் பேரை நவம்பரில் 'ஆம்ஹர்ஸ்ட்' எடுத்தது. தங்கத்தைத் தேடி அப்புறம் எத்தனையோ பேர் போனார்கள். சரக்கில் இருந்த ஒன்பது டன் துத்தநாகமும் உண்மையில் தங்கம்தான் என்ற வதந்தி அவர்களை இழுத்தது. தப்பியவர்களில் ஒருவரான டேவிட் ஆஷ்வொர்த் 1870இல் தேடுதலுக்குத் திரும்பிப் போய் அங்கேயே மாண்டார்.

இத்தனைக்குப் பிறகுதான் பெட்டி வந்தது. 1870களின் பிற்பகுதியிலிருந்து நியூசிலாந்து அரசு இத்தீவுகளில் கரையொதுங்குபவர்களுக்கான கிடங்குகளை ஒழுங்காகப் பராமரித்தது. தீக்குச்சி, போர்வை, கம்பளி உடுப்பு, பிஸ்கட், டப்பா இறைச்சி, கோடரி, தூண்டில், மருந்து, திசைகாட்டி. சில இடங்களில் படகுக் கொட்டகையும் படகும். 'ஸ்டெல்லா', 'ஹினிமோவா' ஆகிய அரசுக் கப்பல்கள் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை சுற்றி வந்து சரிபார்க்கும். கரையெங்கும் கை வடிவில் செதுக்கிய பலகைகள், விரல் கிடங்குப் பக்கம் நீட்டியபடி. எந்த மொழிக்காரனுக்கும் புரியும்.

இதில் தவறியது என்ன? திருட்டு. கடற்சிங்க வேட்டைக்காரர்கள் வந்து கிடங்கைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள். அதைத் தடுக்க, வேறெங்கும் விற்காத தனி நெசவில் கம்பளி உடுப்பு தைத்து வைத்தார்கள். துறைமுகத்தில் அதைப் போட்டுக்கொண்டு யார் திரிந்தாலும் பிடிபடுவார்கள். முன்பு வைத்த பெட்டி ஒன்றில் சாபமே எழுதியிருந்தது: தனக்குக் கப்பல் இருக்கும்போது இதை உடைப்பவன்மேல் விதவைகளின் சாபமும் தகப்பனற்ற பிள்ளைகளின் சாபமும் இறங்கட்டும் என்று. 1887 மார்ச்சில் எண்டர்பியில் மோதிய 'டெர்ரி காசில்' கப்பலில் 23 பேரில் எட்டுப் பேர் தப்பி அங்கிருந்த குடிசையைத் திறந்தபோது உள்ளே ஒரு புட்டி உப்பு மட்டும் இருந்தது. சாபம் பூட்டு ஆகாது. ஒதுங்கிய கோதுமையைத் தின்று உயிர்பிடித்து, பழைய கோடரித் தலை ஒன்றைக் கண்டெடுத்து, சிதைவுப் பலகையில் ஒரு தெப்பப் படகு செய்து, எதிர்க்கரையில் இருந்த முழுக் கிடங்கை அடைந்தார்கள்.

கிடங்கின் பலனைப் பார்க்க இரண்டு கப்பல் போதும். 1905 பிப்ரவரியில் 'ஆன்ஜூ' என்ற பிரெஞ்சுக் கப்பல் மேற்குக் கரையில் மோதியது. 22 பேரும் படகில் சுற்றி வந்து கார்ன்லி துறைக் கிடங்கைக் கண்டார்கள். மே மாதம் 'ஹினிமோவா' வந்தபோது 22 பேரும் இருந்தார்கள். 1907 மார்ச்சில் 'டண்டொனால்ட்' மோதியது கிடங்கே இல்லாத டிஸப்பாயின்ட்மென்ட் தீவில். 28 பேரில் 12 பேர் மூழ்கினார்கள், கரையேறியவர்களில் ஒருவர் சில நாளில் இறந்தார். மரம் கிடையாது. மண்ணைத் தோண்டிப் பள்ளத்துக்குள் படுத்து, புல்லும் மண்ணும் வைத்துக் கூரை மூடினார்கள். அல்பட்ராஸ் பறவைகள்தான் உணவு. எட்டு கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் கிடங்கு. வளைந்த புதர்க் கிளைகளைக் கட்டிக் கூடையாக்கி, அதன்மேல் பாய்த்துணியைப் பறவை எலும்பு ஊசியால் தைத்துப் போர்த்தினார்கள்; நம் ஆற்றுப் பரிசல் நினைவுக்கு வந்தால் சரிதான், அதே வேலை. ஆனால் பரிசல் ஆற்றுக்கானது. முதல் முயற்சியில் எதிர்க்கரையில் ஏறியும் புதரைத் தாண்டிக் கிடங்கைக் காண முடியாமல் திரும்பினார்கள். இரண்டாவது பரிசல் நொறுங்கியது. அக்டோபரில் மூன்றாவது கரையைத் தொட்டு உடைந்தது, ஆட்கள் நடந்து ராஸ் துறைக் கிடங்கைப் பிடித்தார்கள். அங்கே படகு இருந்தது, பாய் இல்லை; கிடங்குத் துணியை வெட்டித் தைத்துப் பாய் செய்து திரும்பி வந்து மற்றவர்களை ஏற்றினார்கள். நவம்பரில் 'ஹினிமோவா' பதினைந்து பேரைக் கண்டது.

பனாமா கால்வாயும் நீராவியும் இந்தப் பாதையை வெறிச்சோட வைத்தன. 1920களின் கடைசியில் கிடங்குப் பயணங்கள் நின்றன. அப்புறம் ஒரே ஒரு வேடிக்கை: 1939 ஆகஸ்ட் இறுதியில் நியூசிலாந்தின் டனீடின் துறைமுகத்திலிருந்து போதிய நிலக்கரி இல்லாமல் நழுவிய 'எர்லாங்கன்' என்ற ஜெர்மன் சரக்குக் கப்பல் கார்ன்லி துறையில் ஐந்து வாரம் ஒளிந்து, சுமார் 400 டன் ராட்டா மரம் வெட்டிக் கொதிகலனுக்கு ஏற்றி, தார்ப்பாயில் பாய் கட்டி, சிலி நாட்டுக்கே போய்ச் சேர்ந்தது. அந்த வெட்டுத் தழும்பு காட்டில் இன்னும் தெரியும். அதன்பின் 1941 முதல் 1945 வரை நியூசிலாந்து இரகசியக் காவல் நிலையங்கள் வைத்தது. எதிரி வரவில்லை. காவலுக்கு அனுப்பியவர்களில் சார்லஸ் ஃபிளெமிங் போன்ற இயற்கையியலாளர்கள் இருந்ததால், போரின் விளைவாகக் கிடைத்தது நல்ல பறவைக் கணக்கு.

பன்றிக்கு வருவோம். இங்குள்ள பறவைகளும் செடிகளும் நாலுகால் பிராணி இல்லாத உலகில் வளர்ந்தவை. கிப்சன் அல்பட்ராஸ் இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டை, அதுவும் தரையில் இடும். தீவின் வாத்து பறக்காது. அன்னாசிப்பூ மாதிரி இலைக்கொத்து விரிக்கும் பெருஞ்செடிகள் புல்வெளி முழுக்க மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கும், வேர்க்கிழங்கு சாறு நிறைந்தது. பன்றிக்கு இது விருந்து. பூனையும் எலியும் பிறகு சேர்ந்தன. சுண்டெலிதான், பெரிய எலி வரவில்லை, அது ஒரு புண்ணியம். இன்று முதன்மைத் தீவில் பறக்காத வாத்து இல்லை, பெருஞ்செடி எட்டாத பாறையிடுக்கில் மட்டும். வெண்முடி அல்பட்ராஸ்கள் பன்றி ஏற முடியாத விளிம்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நீர்ப்பாதைக்கு அப்பால் ஆடம்ஸ் தீவில் பன்றி கால் வைத்ததே இல்லை; அங்கே பூக்காடு அப்படியே இருக்கிறது, கிப்சன் அல்பட்ராஸ்களில் ஏறக்குறைய எல்லாம் அங்கேதான். அழிந்ததாக நினைத்த ஆக்லாந்து ரெயில் என்ற குட்டிப் பறவை 1966இல் ஆடம்ஸில் மீண்டும் அகப்பட்டது. ஆக்லாந்து மெர்கன்சர் என்ற மீன்கொத்தும் வாத்து அகப்படவில்லை. அதைக் கடைசியாகப் பார்த்தது 1902இல், சுட்டுப் பிடித்தபோது.

சரிசெய்ய முடியும் என்பதற்கு எண்டர்பி சாட்சி. அங்கே 1890களில் விட்ட மாடுகள் நூறாண்டு கடற்பாசியையும் மேய்ந்து பிழைத்தன. முயல் வளைகளில் கடற்சிங்கக் குட்டிகள் விழுந்து சிக்கிச் செத்தன. 1993க்குள் மாடு, முயல், சுண்டெலி மூன்றும் அகற்றப்பட்டன. அந்த மாட்டினத்தில் எஞ்சிய ஒரே பசுவிலிருந்து 1998இல் குளோன் கன்று பிறந்தது. முதன்மைத் தீவின் பன்றிகளுக்கும் ஒரு திருப்பம்: தனிமையில் வாழ்ந்ததால் வழக்கமான பன்றி வைரஸ்கள் அவற்றிடம் இல்லை என்று தெரிந்து, 1999இல் பிடித்து வந்த சிலவற்றின் சந்ததி நீரிழிவுக்கான செல் மாற்று ஆய்வுக்குப் பயன்பட்டது.

முதன்மைத் தீவு சுமார் 46,000 ஹெக்டேர். இதைச் சுத்தம் செய்ய வகுத்த திட்டத்துக்கு மாவோரிப் பெயரான மவ்காஹுக்கா என்றே பெயர். வரிசை முக்கியம். முதலில் பன்றி: வேலி போட்டுத் தீவைப் பிரித்து, ஹெலிகாப்டரில் வெப்பக் கேமரா, தரையில் நாய். பன்றி இருக்கும்வரை எலிக்குப் போடும் நஞ்சுக்கட்டியை அதுவே தின்றுவிடும். அடுத்து எலி: ஹெலிகாப்டரில் தொங்கும் தொட்டியிலிருந்து ஜிபிஎஸ் கோட்டின்படி பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி தூவ வேண்டும். ஒரு சுண்டெலியின் உலகம் சில மீட்டர்தான். ஒரு பட்டை விட்டுப்போனால் கருவுற்ற ஒன்று தப்பி எல்லாம் பாழ். குளிர்காலத்தில் செய்வது, எலி பட்டினியில் இருக்கும், குட்டி போடாது, பல பறவைகளும் வெளியே போயிருக்கும் என்பதால். ஆனால் குளிர்காலத்தில் பகல் குறைவு, பறக்க வாகான நாள் அதைவிடக் குறைவு. கடைசியில் பூனை: நஞ்சுண்ட எலியைத் தின்று பாதி குறையும், மிச்சத்தைப் பொறியும் நாயும் தேடும். ஆன்டிபோடீஸ் தீவில் 2016இல் சுண்டெலியை இம்முறையில் ஒழித்துக்காட்டினார்கள். இங்கே வழி தெரியும், ஆள் உண்டு, தடை பணம்தான். பிரிஸ்டோவுக்கு ஒரு மதியம் ஆன வேலையைத் திருப்ப கோடிக்கணக்கில் டாலர்.

நியூசிலாந்து கடற்சிங்கத்தின் பெரும்பாலான குட்டிகள் இத்தீவுகளில்தான் பிறக்கின்றன, முக்கியமாக டண்டாஸ், எண்டர்பி கரைகளில். கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாத் தொற்று குட்டிகளைக் கொல்கிறது. பீட் சேற்றுக் குழியில் விழுந்து ஏற முடியாமல் சாவதும் நிறைய. அதற்குக் குழிகளில் சாய்வுப் பலகை வைக்கிறார்கள். ராஸ் துறைக்கு ரைட் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் மறுபடி வருகின்றன.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: கோடையில் பிளஃப்பிலிருந்து சில சிறு சுற்றுலாக் கப்பல்கள் போகும். கரையிறங்க அரசின் அனுமதிச்சீட்டு வேண்டும், கப்பல்காரர் வாங்கித் தருவார். ஆடம்ஸ், டிஸப்பாயின்ட்மென்ட் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் இறங்கவே முடியாது. எண்டர்பியில் மரப்பலகைப் பாதையை விட்டு இறங்கக்கூடாத இடங்கள் உண்டு. இறங்குமுன் செருப்பின் அடி, பையின் மடிப்பு, குறிப்பாக ஒட்டுப்பட்டை, எல்லாவற்றையும் பார்ப்பார்கள். விதை அதில்தான் ஒளியும். மழைக்கால்சட்டையும் முழங்கால்வரை ரப்பர் பூட்சும் கட்டாயம். கடிபூச்சிக்கு மருந்து எடுத்துப் போங்கள், கிராஃப்டன்காரர்களின் முகமே வீங்கிப்போனது. மஞ்சட்கண் பென்குயின் காட்டுக்குள் கூடு கட்டும். மாலையில் கடலிலிருந்து ஏறும்போது அதன் வழியில் ஆள் நின்றால் கரைக்கு வராமல் திரும்பும், குஞ்சு பட்டினி கிடக்கும். ஆண் கடற்சிங்கம் நேராக ஓடி வந்தால் நீங்கள் ஓட வேண்டாம். பெரும்பாலும் மிரட்டல்தான். முகத்தை அதன் பக்கம் வைத்துப் பின்னடி எடுத்து வையுங்கள், அதற்கும் கடலுக்கும் நடுவில் மட்டும் நிற்காதீர்கள்.